சீருடை மூன்று ஆண்டு, ஸ்டெதஸ்கோப் அறுபது ஆண்டு: கேப்டன் லட்சுமி நினைவாக



ஜூலை 23, கேப்டன் லட்சுமி சாகல் நினைவு நாள் கூட்டத்தில் பேசியதை எழுதிப் போடுங்கள் என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நேரம் போதாமல் அன்றைக்கு விட்டுப்போன ஒன்றிரண்டு விஷயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் என்ன படம் இருந்தது? ராணுவச் சீருடை, தலையில் தொப்பி, பக்கத்தில் நேதாஜி. 1943இல் எடுத்த படம். ஒவ்வொரு வருஷமும் நாம் அதைத்தான் போடுகிறோம். குற்றம் சொல்லலைங்க, எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஆனால் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண் பேனரைப் பார்த்துட்டு எங்கிட்ட, "இவங்க சண்டையில செத்துட்டாங்களா?"ன்னு கேட்டாள். "இல்லம்மா, 97 வயசு வரைக்கும் இருந்தாங்க"ன்னு சொன்னேன். "அப்போ சண்டை முடிஞ்சப்புறம் என்ன பண்ணாங்க?"ன்னு அடுத்த கேள்வி. எழுதி வைத்திருந்த பேச்சு முழுக்க சிங்கப்பூரும் பர்மாவும்தான். அதை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஆரம்பித்த பதில்தான் இந்தப் பேச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. 1943 ஜூலையில் ஜான்சி ராணி படைப்பிரிவு பிறந்தது. 1945இல் பர்மாவில் அவர் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். 1946 மார்ச்சில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். முழுசாக மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. கான்பூரில் மருத்துவராக இருந்தது 1947லிருந்து கிட்டத்தட்ட அறுபது ஆண்டு. 2006இல், தொண்ணூறைத் தாண்டிய பிறகும், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறுபது ஆண்டுக்கு நம்மகிட்ட பேனர் கிடையாது.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

1914 அக்டோபர் 24, மதராஸ். அப்பா சுவாமிநாதன், உயர் நீதிமன்றத்தில் பெயர் எடுத்த வழக்கறிஞர், பிராமணர். அம்மா அம்மு, பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையில் பிறந்த நாயர் குடும்பத்துப் பெண். அந்தக் காலத்தில் அந்தக் கல்யாணமே ஊருக்குப் பெரிய சங்கடம். அம்மு சுவாமிநாதன் பிற்பாடு அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார், 1952 தேர்தலில் நம்ம திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போனார். திண்டுக்கல் தோழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டேன். இரண்டு கைதான் உயர்ந்தது.

சின்ன வயதில் நடந்த ஒரு விஷயத்தை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கேரளாவில் பாட்டி வீடு. பக்கத்து மலைக்காட்டில் பழங்குடி மக்கள். அவர்கள் நிழல் பட்டாலே தீட்டு என்பார் பாட்டி. சிறுமி லட்சுமி ஒருநாள் நேராகப் போய், அங்கே நின்ற ஒரு பழங்குடிப் பெண் குழந்தையின் கையைப் பிடித்து விளையாடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாட்டிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பேத்திக்கோ ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

இராணி மேரி கல்லூரி, பிறகு மதராஸ் மருத்துவக் கல்லூரி. 1938இல் எம்.பி.பி.எஸ். முடித்து, மகப்பேறு மருத்துவத்தில் பட்டயம் வாங்கினார். திருவல்லிக்கேணியில் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் வேலை பார்த்தார். முதல் மணவாழ்க்கை சரியாக அமையவில்லை. 1940இல் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அங்கே அவர் திறந்த கிளினிக்கில் வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கூலி வேலைக்குப் போன ஏழைகள்.

1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. காயம்பட்ட போர்க்கைதிகளுக்கு அவர் வைத்தியம் பார்த்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் நேதாஜி வந்தார், பெண்களுக்கென்று தனிப் படை வேண்டும் என்றார். லட்சுமி வீடு வீடாகப் போனார். சில நாட்களுக்குள் சேலை கட்டிய சுமார் இருபது பெண்கள் கனமான ரைபிளைத் தூக்கி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். 1943 அக்டோபர் 21இல் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டபோது அவர் அதில் அமைச்சர். மறுநாள், 22ஆம் தேதி, சிங்கப்பூரில் பெண்கள் படையின் பயிற்சி முகாம் திறந்தது. அப்போது அவருக்கு வயது 29 முடிய இரண்டு நாள் பாக்கி.

இதெல்லாம் பாடப் புத்தகத்திலும் இருக்கும். அதில் இல்லாத ஒன்றைச் சொல்றேன்.

அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள் பாதிக்கு மேல் இருப்பார்கள். விடியுமுன் எழுந்து வாளியோடு மரத்தடிக்குப் போய், கங்காணியின் வசவு கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அவர்கள் கையில் துப்பாக்கி கொடுத்து, "நீ ஒரு நாட்டின் சிப்பாய்" என்று யாரோ முதல்முறையாகச் சொன்னார்கள்.

அதே தோட்டங்களிலிருந்து அதே காலத்தில் ஆண்களை ஜப்பானியர் எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? சயாம் பர்மா ரயில் பாதைக்கு. காட்டுக்குள் 415 கிலோமீட்டர். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் அங்கே செத்தார்கள். அந்தத் தண்டவாளத்தின் இரு முனையும் ஒன்றாக இணைந்தது 1943 அக்டோபர் 17. பெண்கள் முகாம் திறந்ததற்கு ஐந்து நாள் முன்பு. அண்ணன் தண்டவாளத்தில், தங்கை அணிவகுப்பில். ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்தது பற்றி அன்றைக்கே கடுமையான விமர்சனம் இருந்தது. இந்தியக் கம்யூனிஸ்டுகள் நேதாஜியை ரொம்பக் கடுமையாகவே தாக்கினார்கள், அவரைப் பற்றிய மதிப்பீட்டில் தவறு செய்துவிட்டோம் என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். நினைவு நாள் மேடையில் இதையெல்லாம் எதுக்குப் பேசணும் என்று ஒரு தோழர் வருத்தப்பட்டார். சண்டை போட்டவர்களுக்கு மரியாதை செய்யும்போது தண்டவாளத்தில் செத்தவர்களை ஓரத்தில் தள்ளிவிட்டுப் பேச எனக்கு மனசு வரலை தோழரே.

இந்திய தேசிய ராணுவத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் சமையல்கட்டு. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மதத்துக்கு ஒரு அடுப்பு, சாதிக்கு ஒரு பந்தி. ஐ.என்.ஏ.வில் எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. பாட்டி வீட்டில் நிழலுக்குத் தீட்டு கேட்டு வளர்ந்த பெண், அதே பந்தியில் தோட்டத் தொழிலாளியின் மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். போர் முடிந்து செங்கோட்டையில் விசாரணை நடந்தபோது முதலில் நிறுத்தப்பட்ட மூன்று அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான். முஸ்லிம், இந்து, சீக்கியர். மூவரையும் ஒன்றாக நிறுத்தி பிரிட்டிஷ்காரன் என்ன நினைத்தானோ, நாடே அந்த மூவருக்காகத் தெருவில் இறங்கியது. இந்த மூன்று பேரையும் மனசில் வைத்துக்கொள்ளுங்க, 1984க்கு வரும்போது தேவைப்படும்.

படை தோற்றது. பெண்கள் படை இம்பால் முனைக்கே போகவில்லை. பர்மாவில் மேமியோ வரை போய், காயம்பட்டு வந்தவர்களுக்குச் செவிலியராக வேலை செய்து, ரங்கூனிலிருந்து பின்வாங்க வேண்டி வந்தது. தோற்ற படையின் சிப்பாய்க்கு வீட்டில் என்ன வரவேற்பு கிடைக்கும்? சுதந்திரம் வந்த பிறகும் ஐ.என்.ஏ. வீரர்களை இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் வந்ததே 1972இல்தான். கால் நூற்றாண்டு. மலாயாத் தோட்டப் பெண்களில் எத்தனையோ பேர் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் பால் வாளியைத் தூக்கினார்கள். அவர்கள் பெயர் எந்தப் பேனரிலும் இல்லை. சிலர் பெயர் நிலைத்தது. ஜானகி ஆதி நாகப்பன் மலாயா அரசியலுக்கு வந்தார், மேலவை உறுப்பினராக இருந்தார். ராசம்மா பூபாலன் ஆசிரியர் ஆனார். 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று சங்கம் கட்டி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என்று போராடினார். படையில் கற்ற தோழமையைச் சங்கத்துக்குக் கொண்டுபோனார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

லட்சுமி என்ன செய்தார்?

1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் சாகலை மணந்தார். அந்த மூன்று பேரில் ஒருவர். சாகலுக்குக் கான்பூரில் ஆலையில் வேலை. ஆகவே கான்பூர். சில மாதங்களிலேயே பிரிவினை. ரயில் ரயிலாக அகதிகள் வந்து இறங்கினார்கள். கையில் ஸ்டெதஸ்கோப்போடு அவர் போய் நின்றார். கான்பூரில் அந்த நாளில் இந்துவும் முஸ்லிமும் ஒருவர் தெருவில் மற்றவர் கால் வைக்கப் பயந்தபோது, இரண்டு பக்கமும் நம்பி வந்த மருத்துவராக இருந்தார்.

பிரசவம் பார்க்கிற மருத்துவருக்கு ஞாயிறு கிடையாது, ராத்திரி கிடையாது. நெரிசலான தெருவில் கிளினிக், காசு இல்லாதவர்களும் வந்து நிற்கிற வாசல். எந்தப் பத்திரிகையாளரும் படம் எடுக்க வராத இருபது, முப்பது வருஷம். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். என்கிட்டயும் நிறைய சம்பவங்கள் இல்லை. தினமும் நடந்த வேலைக்கு சம்பவம் எங்கேயிருந்து வரும்? ஆனால் அவர் கையில் பிறந்த குழந்தைகள் வளர்ந்து, தங்கள் பெண்களைப் பிரசவத்துக்கு அவரிடமே கூட்டிவந்திருப்பார்கள். அறுபது வருஷத்தில் மூன்று தலைமுறை.

1971. வங்கதேசத்திலிருந்து அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வெள்ளமாக வந்தார்கள். மருத்துவர்களும் மருந்தும் வேண்டும் என்று ஜோதிபாசு வேண்டுகோள் விடுத்தார். லட்சுமி துணியும் மருந்தும் திரட்டிக்கொண்டு கொல்கத்தா போனார், எல்லைப் பக்கத்து முகாம்களில் வாரக்கணக்கில் வேலை செய்தார். திரும்பி வந்து மார்க்சிஸ்ட் கட்சியில் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தார். பலர் ஓய்வுபெற்று ஈசிசேரில் சாய்கிற வயசு அது. இந்த யோசனை அன்றைக்குப் புதிதாக வந்ததும் இல்லை. மதராஸில் இளம் பெண்ணாக இருந்தபோது சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினி அவர்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். அவரிடம்தான் முதன்முதலில் கம்யூனிசம் பற்றிக் கேட்டது. விதை முளைக்க எத்தனை வருஷம் எடுத்தது பாருங்க.

1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது நிறுவனர்களில் ஒருவர். சங்கம் பிறந்த இடம் நம்ம சென்னை. பாப்பா உமாநாத் போன்ற நம்மூர்த் தோழர்கள் முன்னின்ற மாநாடு. இளம் டாக்டராகக் கப்பலேறிப் போன ஊருக்கு, நாடெங்குமிருந்து வந்த பெண்களோடு திரும்பி வந்து சங்கம் கட்டினார்.

இப்போ 1984. அக்டோபர் 24 அவருடைய எழுபதாவது பிறந்த நாள். ஒரு வாரத்தில், 31ஆம் தேதி, இந்திரா காந்தி கொல்லப்பட்டார். மறுநாளிலிருந்து சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். டெல்லி பற்றி எல்லாருக்கும் தெரியும். கான்பூரிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள், கடைகள் எரிந்தன. எழுபது வயது டாக்டர் அம்மா என்ன செய்திருக்கலாம்? கதவைச் சாத்தியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தெருவில் இறங்கி, கும்பலுக்கு எதிரே போய் நின்றார். அவருடைய கிளினிக் இருந்த நெரிசலான பகுதியில் எந்தச் சீக்கியர் மேலும், எந்தச் சீக்கியர் கடை மேலும் கை வைக்க முடியவில்லை.

குர்பக்ஷ் சிங் தில்லானை நினைச்சுப் பாருங்க. செங்கோட்டையில் கணவரோடு கூண்டில் நின்ற சீக்கியத் தோழர். ஒரே பந்தியில் சாப்பிட்ட படை. அந்தத் தெருவில் அவர் நின்ற தைரியம் 1943இல் கிடைத்ததா, 1947இல் கிடைத்ததா என்று நான் அடிக்கடி யோசிப்பேன். இன்னொன்றும் தோணும். அந்தக் கும்பலில் வந்தவர்களில் சிலராவது அவர் கையில் பிறந்த பிள்ளைகளாக இருந்திருக்க வேண்டும். முப்பத்தேழு வருஷம் ஒரே ஊரில் பிரசவம் பார்த்தவர் இல்லையா? அவர்கள் எப்படி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கல்லைத் தூக்குவார்கள்? இது என் ஊகம்தான். ஆனால் சீருடை போட்ட ஒரு கேப்டன் வந்து நின்றிருந்தால் அந்தத் தெரு அடங்கியிருக்குமா என்று சந்தேகமாத்தான் இருக்கு. டாக்டர் வந்து நின்றார், அடங்கியது.

அதே டிசம்பரில் போபால். விஷவாயு. மருத்துவக் குழுவோடு அங்கே போனார். அதோடு விட்டுவிடவில்லை. கர்ப்பிணிப் பெண்களுக்கு அந்த வாயு நீண்ட காலத்தில் என்ன செய்தது என்று பல ஆண்டுகள் கழித்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டு எழுதினார். கேமராக்கள் போன பிறகும் அந்தப் பெண்களை மறக்காத ஒரு மகப்பேறு மருத்துவர் இருந்தார் என்பதை இளம் மருத்துவத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

1998இல் பத்ம விபூஷண். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தல். நம்மில் பலருக்கு அன்றைக்குச் சங்கடம்தான், மறைக்க வேண்டாம். எதிரே நின்றவர் அப்துல் கலாம். ராமேஸ்வரத்துப் பிள்ளை. ஊரே கொண்டாடியது. "ஒரு தமிழரை எதிர்த்து நிக்கணுமா?"ன்னு டீக்கடையில் கேட்டவர்களுக்கு, "இவங்களும் மதராஸில் பிறந்தவங்கதான்"னு பதில் சொன்னோம், அது பெரிசா எடுபடலை. நான்கு இடதுசாரிக் கட்சிகள் நிறுத்திய வேட்பாளர். வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884. இவருக்கு 1,07,366. தோற்போம் என்று தெரிந்தே 87 வயதில் களத்தில் இறங்கினார். போட்டியில்லாமல் ஒரு தேர்தல் முடிந்துவிடக் கூடாது, மக்கள் பிரச்சினையைப் பேச ஒரு குரல் வேண்டும் என்பதற்காக. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் கிடையாது. பெருமை உண்டு.

தேர்தல் முடிந்தது. கான்பூருக்குத் திரும்பிப்போய் கிளினிக்கைத் திறந்தார்.

2012 ஜூலை 19இல் மாரடைப்பு. 23ஆம் தேதி காலமானார். அவருடைய விருப்பப்படி உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் மேஜைக்கு முன்னால் மாணவியாக நின்றவர், கடைசியில் அந்த மேஜைக்கே பாடமாகப் போனார். சமாதி கிடையாது. மாலை போட இடம் கிடையாது. நாம் பேனர் கட்டுவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

கூட்டம் முடிந்ததும் அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா என்னிடம் வந்து, "தோழர், உடல் தானத்துக்கு எங்க போய் எழுதிக் கொடுக்கணும்?"ன்னு கேட்டாங்க. அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னேன், இங்கே சரியாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறைக்குப் போனால் படிவம் கிடைக்கும். அதைவிட முக்கியம், வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள். நாம் கண்ணை மூடிய பிறகு உடலைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான், அவர்கள் சம்மதிக்காவிட்டால் படிவம் வெறும் காகிதம். கண் தானமும் செய்வதாக இருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தகவல் போக வேண்டும்.

அப்புறம், அடுத்த ஜூலைக்கு பேனர் அடிக்கிற தோழர்களே, வயசான காலத்தில், தலை நரைத்து, சேலையில் அவர் இருக்கிற படங்கள் நிறைய இருக்கு. ஒன்றை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

கேப்டன் லட்சுமிக்கு செவ்வணக்கம்.